யுத்தமும் நம் கைவேலையும்



அர்ச். முடியப்பர் கல்லெறியப்பட்டு வேதசாட்சியாய் மரித்த வரலாறு நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள் பூசையில் கேட்கிறோம். அதில் ஒரு சிறு விபரத்தைப் பலர் கவனிப்பதில்லை. கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி, சவுல் என்னும் வாலிபனுடைய காலடியில் வைத்தார்கள். சவுல் ஒரு கல்லையும் கையில் எடுக்கவில்லை. துணிகளைக் காத்துக்கொண்டு நின்றான், அவ்வளவே. ஆயினும் அவனே பின்னாளில் அர்ச். சின்னப்பராகி, ஜெருசலேமில் ஜனத்திரளின் முன் தம் பழைய வாழ்வை எடுத்துச் சொன்னபோது, அந்த இரத்தத்தில் தமக்குப் பங்கு இருந்ததற்கு அத்தாட்சியாக அந்தத் துணிகளையே குறிப்பிட்டார்.

துணியால் பிழைக்கும் ஊர் நம்முடையது. ஆகையால் இந்த வாரப் பாடத்தை அங்கிருந்து தொடங்குவது பொருந்தும். தூரதேசத்தில் நடக்கும் யுத்தத்துக்கு, இங்கே பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? அந்த யுத்தத்தை நிறுத்தச் சொல்ல அவருக்கு என்ன பாத்தியதை? காலேஜில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இப்படிக் கேட்கிறார்கள் என்றும், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றும் தாய் தந்தையர் சிலர் சொன்னார்கள். பதில் இருக்கிறது. ஆனால் ஒரே வார்த்தையில் இல்லை.

முதலில் நம் தொழிலைச் சேர்ந்த ஓர் உண்மைச் சம்பவம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்புக்கு அருகே மரியன் அப்பரல் என்று ஒரு தையல் கம்பெனி உண்டு. ஏறத்தாழ 1,500 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 2015-ம் ஆண்டு முதல் இஸ்ரேல் நாட்டுப் போலீசாருக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சீருடைச் சட்டைகள் இங்கிருந்து போயின. 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, 250 பேர் அளவில் பிணையாகப் பிடித்துச் சென்றனர். அதன்பின் காஸா நகரங்களின் மேல் குண்டு பொழியத் தொடங்கியது. அந்த மாதம் 17-ந் தேதி காஸாவில் அல் அஹ்லி ஆஸ்பத்திரியில் நேர்ந்த வெடிப்பில் அடைக்கலம் புகுந்திருந்த ஏழைகள் திரளாக மாண்டார்கள். யார் எறிந்த குண்டு என்பதில் வாதம் தீரவில்லை. மாண்டவர்கள் குற்றமற்றவர்கள் என்பதில் வாதமில்லை. சில தினங்களுக்குள் கண்ணூர் கம்பெனி தன் தீர்மானத்தை அறிவித்தது: ஒப்புக்கொண்ட ஆர்டரை முடித்துக் கொடுப்போம், சமாதானம் உண்டாகும் வரை புது ஆர்டர் ஏற்க மாட்டோம். கேரளத் தொழில் மந்திரியும் இதை ஊரறியச் சொல்லிப் பாராட்டினார்.

போலீஸ் சட்டை துப்பாக்கி அன்று. அதைத் தைக்க மறுத்ததால் ஒரு குண்டாவது குறைந்ததா என்று கேட்டால், குறைந்திராது. அப்படியிருக்க, அந்த முதலாளி செய்தது கடமையா, அல்லது கடமைக்கு மேற்பட்ட நற்கிரியையா? இங்கேதான் நம் வேதபாரகர்கள், முக்கியமாய் அர்ச். அல்போன்ஸ் லிகோரியார், பிறர் பாவத்தில் உடந்தையாதல் பற்றி விளக்கியிருப்பது நமக்கு உதவுகிறது.

நமக்குத் தெரிந்த விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-ம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஹைகோர்ட்டு உத்தரவிட்டு ஊரே ஸ்தம்பித்ததும் மறக்கவில்லை. ஒரு பட்டறையில் கழிவை இரவோடு இரவாக ஆற்றில் விடச் சொல்கிறான் ஒருவன். வால்வைத் திறக்கிறான் இன்னொருவன். அங்கே கணக்கு எழுதுகிறவர் ஒருவர். டீ வாங்கிக் கொடுக்கும் பையன் ஒருவன். நால்வரும் அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களே. நால்வருக்கும் ஒரே பாவமா? குழந்தையும் இல்லை என்று சொல்லும். சொன்னவன் அந்தத் தீமையையே விரும்பினான். அது மனமொத்த உடந்தை, அதற்கு எந்தச் சாக்கும் இல்லை. திறந்தவன் விரும்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் கை தீமையோடு நேராய் ஒட்டியிருக்கிறது, வேலை போய்விடும் என்ற பயம் அவன் குற்றத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. கணக்கரின் கை தூரத்தில் இருக்கிறது. டீ வாங்கும் பையனுடையதோ வெகுதூரம். கை எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு விலகும் கடமை பலமாகிறது. விலகினால் யாருக்கு என்ன நஷ்டம், விலகாவிட்டால் யாருக்கு என்ன கேடு என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் கண்ணூர் முதலாளிக்குக் கண்டிப்பான கடமை இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்த விதம் நல்ல விதம். பேசிய ஆர்டரை முடித்தார், வாக்குத் தவறவில்லை. எந்த ஜாதியாரையும் மதத்தாரையும் ஏசவில்லை. சமாதானம் வரும் வரை என்று எல்லை வைத்தார். வேறு நாடுகளுக்கும் சீருடை தைக்கும் கம்பெனியாதலால், அங்கே வேலை செய்யும் பெண்களின் அடுப்பை அணைத்துவிட்டுத் தர்மம் பேசவில்லை. இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகிறது.

கப்பல் ஏற்றும் தொழிலாளருடைய காரியம் இதைவிட நெருக்கமானது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், காஸா யுத்தத்துக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றுவதுமில்லை இறக்குவதுமில்லை என்று அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 பேர் அதில் உறுப்பினர் என்றார்கள். உடனே யுத்த நிறுத்தம் வேண்டும் என்றும் அதே அறிக்கையில் கேட்டார்கள். ஆயுதப் பெட்டியைத் தூக்குகிறவனுடைய கை, வால்வைத் திறக்கிறவன் கையைப் போன்றது. அதனால் அவர்கள் மறுத்தது வெறும் அரசியல் என்று ஒதுக்கத் தக்கதன்று. இவர்களே முதல்வரும் அல்லர். 1920-ம் ஆண்டு மே மாதத்தில் லண்டனில், கிழக்கிந்தியத் துறை என்றே பெயர் கொண்ட இடத்தில், ஜாலி ஜார்ஜ் என்ற கப்பலில் போலந்துக்கு ஆயுதம் ஏற்ற மறுத்துக் கூலிகள் கை மடக்கி நின்றார்கள். 1945-ல் இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்க டச்சுக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்ப முயன்ற கப்பல்களை விட்டு இறங்கியவர்களில் நம் இந்திய மாலுமிகளும் இருந்தனர்.

ஆனால் அறிக்கை விட்டதும் ஆயுதம் நின்றுவிடவில்லை. மூன்று மாதம் கழித்து, 2024-ம் ஆண்டு மே மாதம், மரியான் டானிகா என்ற கப்பல் தன் கார்த்தகேனா துறைமுகத்தில் ஒதுங்க ஸ்பெயின் அரசு அனுமதி மறுத்தது. அந்தக் கப்பலில் ஏறத்தாழ 27 டன் வெடிபொருள் இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போவதாகவும், அது நம் சென்னையில் ஏற்றப்பட்டதாகவும் செய்தி வந்தது. தூத்துக்குடியிலும் சென்னையிலும் நம் பனியன் பெட்டிகள் போகிற அதே கடல்தான்.

அப்படியானால் கோர்ட்டு தடுக்கலாமே என்பீர்கள். பணி ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வேறு பிரஜைகளும் சேர்ந்து, இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பக் கொடுத்த லைசென்சுகளை ரத்து செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார்கள். 2024-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி அது தள்ளுபடியாயிற்று. அந்நிய நாட்டுக் கொள்கை சர்க்காருடைய பொறுப்பு, அதில் கோர்ட்டு நுழையலாகாது என்பது தீர்ப்பின் சாரம். சரி, சர்க்காருடைய பொறுப்பு என்றால், சர்க்காரைத் தேர்ந்தெடுக்கிறவர் யார்? கோர்ட்டிலிருந்து புறப்பட்ட கேள்வி நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

இதை எப்படிக் கேட்பது என்பதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1939-ம் ஆண்டு செப்டம்பரில் இந்திய ஜனங்களை ஒரு வார்த்தை கேளாமல் வைசிராய் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். கிராமந்தோறும் யுத்த நிதி வசூலாயிற்று. கட்டாய வசூல் என்ற முறையீடும் எழுந்தது. 1940-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி வினோபா பாவே பவுனாரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். ஆளாலோ பணத்தாலோ இந்த யுத்தத்துக்கு உதவுவது தவறு என்று தெருவில் நின்று சொல்வதே சத்தியாக்கிரகம். சொல்லுகிறவர் தாம் எங்கே, எப்பொழுது சொல்லப் போகிறார் என்பதை ஜில்லா அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒளிவு மறைவு கூடாது, கூட்டம் கூட்டிக் கலகம் செய்யக் கூடாது. பிடித்தால் மறுக்காமல் சிறைக்குப் போக வேண்டும். 1941-ம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 20,000-க்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அவர்களும் 1941-ல் சிறை சென்றவர்களில் ஒருவர். ஹிட்லரை எதிர்த்த அந்த யுத்தம் நியாயமானதா என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்தது. அதை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. நாம் படிக்க வேண்டியது அவர்களுடைய முறையை.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதையும் நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2008, 2009-ம் ஆண்டுகளில் இலங்கை வன்னியில் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாடு முழுவதும் யுத்த நிறுத்தம் கோரி எழுந்தது. 2008-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி சென்னையில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நின்றது. அங்கே மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, மடு மாதாவின் திருத்தலத்தையாவது ஆயுதமற்ற இடமாக விட்டுவிடுங்கள் என்று இரு தரப்பாரையும் இரந்து கேட்டார். நடக்கவில்லை, 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சுரூபத்தையே எடுத்துக்கொண்டு குருக்கள் இடம் பெயர்ந்தார்கள். மாதாவும் அகதியானாள் என்று அன்று நம்மவர் அழுதது நினைவிருக்கும்.

அந்தச் சூட்டில், 2009-ம் ஆண்டு மே 2-ந் தேதி, கோவைக்கு அருகே நீலம்பூர் புறவழிச் சாலையில் இந்திய ராணுவ லாரிகள் வரிசையாய் வந்தன. இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று ஒரு செய்தி பரவிற்று. ஆத்திரமுற்ற கூட்டம் லாரிகளை மறித்துத் தாக்கிற்று, வண்டிகள் சேதமாயின, வழக்குகள் வந்தன. அந்த லாரிகள் ஐதராபாத்தில் பயிற்சி முடித்து மதுக்கரை முகாமுக்குத் திரும்பியவை என்று ராணுவத்தார் விளக்கினார்கள். அந்த வாலிபர்களின் துக்கம் பொய்யான துக்கம் அன்று. அந்த யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாண்ட குடிமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் கூறிற்று. ஆயினும் நிச்சயமில்லாத செய்தியை நம்பி எறிந்த கல், யுத்த நிறுத்தம் கேட்ட லட்சக்கணக்கானோரின் குரலை ஒரே நாளில் கலகம் என்று பெயரிட இடம் கொடுத்தது. துக்கம் தாளாமல் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவ்வழியைத் திருச்சபை ஒருக்காலும் ஏற்பதில்லை. உங்கள் வீட்டு வாலிபர் கைப்பேசியில் வருகிற செய்தியைக் கண்டு கொதித்தால், கோபிக்காதீர்கள். கூடவே உட்கார்ந்து, இது உண்மைதானா, யார் சொன்னது, எந்தத் தேதி என்று விசாரியுங்கள். நிச்சயத்தை அடையாமல் செய்கையில் இறங்கலாகாது என்பது ஞானோபதேசத்தில் பழைய பாடமே.

இதெல்லாம் நமக்கு எட்டாத விஷயம் என்று இன்னும் யாராவது எண்ணினால், சனிக்கிழமைச் சம்பளக் கவரை எண்ணிப் பார்க்கட்டும். 2023-ம் ஆண்டு நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இரண்டு வாரம் வரை தாமதம், கப்பல் கூலியும் ஏறிற்று. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. அதில் பாதி எதற்காக? ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கி உக்ரைன் யுத்தத்துக்கு இந்தியா பணம் சேர்க்கிறது என்பதற்காகவாம்! எண்ணெய் வாங்கினவர்கள் வேறு, சுத்திகரித்து விற்று லாபம் கண்டவர்கள் வேறு. தண்டம் விழுந்தது பனியன் மேல். நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது எல்லாரும் அறிந்ததே. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போகிறவள் கைமடி வேலை செய்யும் பெண்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டுக்கு உழைக்கிறவர்களிடம் போய், இந்தத் துணி எங்கே போகிறதென்று தெரியாமல் நூல் வெட்டாதே என்று உபதேசிப்பது அநியாயம். அவள் கை வெகுதூரத்தில் இருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்கவும் அவளுக்கு வழியில்லை. அவள் மனச்சாட்சியை யாரும் கலக்க வேண்டாம். கேட்க வேண்டியவர் ஆர்டரில் கையெழுத்திடுகிறவர். நம் பங்கிலும் சிறு கம்பெனி நடத்துவோர் இருக்கிறீர்கள். படைக்குரிய சீருடையோ, பச்சைப் புள்ளித் துணியோ, இன்னதென்று விளங்காத ஆர்டரோ ஏஜெண்டு மூலம் வந்தால், இது யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். விலையையும் டெலிவரி தேதியையும் கேட்கிற வாய் இதையும் கேட்கலாம். மறுக்க நேரிட்டால் அந்த நஷ்டத்தை உங்கள் லாபத்தில் தாங்குங்கள். டெய்லர் கூலியில் பிடிக்காதீர்கள். வேலையை நிறுத்துவதன் விலை இன்னதென்று இந்த ஊர் 1984-ம் ஆண்டின் 127 நாள் வேலை நிறுத்தத்திலேயே கண்டிருக்கிறது. அதைக் கண்ட பெரியவர்களைக் கேட்டால், எந்த வீட்டில் முதலில் பானை கவிழ்ந்தது என்று சொல்வார்கள்.

வரி கொடுக்க மறுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் அதே வரியில்தான் நடக்கின்றன. அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது, எந்த ஆயுதத்துக்கு யார் லைசென்சு கொடுத்தார் என்று கேட்பது வேறு. அது பிரஜையின் கடமை. 2013-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ஆயுத வியாபார உடன்படிக்கை ஐ.நா. சபையில் நிறைவேறிற்று. ஜனங்களைக் கொல்லப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் விற்கலாகாது என்பது அதன் விதிகளில் ஒன்று. வாக்கெடுப்பில் நம் நாடு எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது. அதற்குச் சர்க்கார் சொன்ன காரணங்களும் உண்டு. அவற்றை அறியவும், மறுபடி யோசிக்கும்படி கேட்கவும் நமக்கு வழி இருக்கிறது.

பாப்பரசர் ஒருவர் இதை நம் மண்ணிலேயே நின்று கேட்டிருக்கிறார். 1964-ம் ஆண்டு டிசம்பரில் பம்பாய் தேவநற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் 6-ம் சின்னப்பர், பத்திரிகை நிருபர்களை அழைத்து அவர்கள் மூலம் உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஆயுதப் போட்டியை நிறுத்துங்கள், அதற்குச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது ஏழை நாடுகளின் பசி தீர்க்க ஒரு பெரிய உலக நிதியாகச் சேருங்கள். மூன்று ஆண்டு கழித்து எழுதிய நிருபத்திலும் அந்தப் பம்பாய் வேண்டுகோளை நினைவூட்டினார். நம் காலத்தில் பாப்பரசர் பிரான்சிஸ், காஸாவில் உள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்பக் கோயிலுக்குத் தம் கடைசி நாட்கள் வரை மாலைதோறும் டெலிபோனில் பேசி, இன்று சாப்பிட்டீர்களா என்று விசாரித்து வந்தார். அவர் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி இறந்தார். அந்தக் கோயில் மேல் ஜூலை 17-ந் தேதி குண்டு விழுந்து மூவர் மாண்டனர். பங்குக் குருவானவரும் காயமுற்றார். அக்டோபர் 10-ந் தேதி யுத்த நிறுத்தம் அமலுக்கு வந்தது; அதன் பின்னரும் சாவு ஒரேயடியாய் நிற்கவில்லை.

ஆகையால் கேட்பதை நாமும் நிறுத்த வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒரு கடிதம், நம் பாராளுமன்ற அங்கத்தினருக்கு, தமிழிலேயே எழுதலாம். இரண்டே விஷயம் கேளுங்கள்: குடிமக்கள் மடியும் யுத்தங்களுக்கு நம் நாட்டிலிருந்து ஆயுதம் போகாதிருக்க வேண்டும், யுத்த நிறுத்தத்துக்காக நம் சர்க்கார் வெளிப்படையாய்ப் பேச வேண்டும். எந்தக் கட்சியையும் ஏசாமல், பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு இரண்டாம் பூசைக்குப் பின் மாதர் சங்கத்தார் எழுதிக் கொடுப்பார்கள்; கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தாலும் கடிதம் கடிதமே. தபால் தலை அவரவர் செலவு.

அடுத்த வாரப் பாடம்: ஒரு யுத்தம் நியாயமானதென்று சொல்ல அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விதிக்கும் நிபந்தனைகள்.